தோற்றுக்கொண்டே இருக்கும் கிளப் தன் மேனேஜரை நம்பி வைத்திருக்க வேண்டுமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இங்கிலாந்து கால்பந்தில் அக்டோபர் பிறந்தால் போதும், அடுத்து எந்த மேனேஜருக்கு (அணியின் தலைமைப் பயிற்சியாளரை அங்கே அப்படித்தான் சொல்வார்கள்) வேலை போகும் என்ற பேச்சு ஆரம்பித்துவிடும். போனவருக்காக வருத்தப்படுபவர்கள் ஒரு பக்கம், இன்னும் முன்னாலேயே அனுப்பியிருக்க வேண்டும் என்பவர்கள் ஒரு பக்கம். இந்த விவாதத்தில் திரும்பத் திரும்ப வரும் கேள்விகளும் என் பதில்களும் கீழே. உதாரணங்கள் பெரும்பாலும் இங்கிலாந்தின் முதல் பிரிவான பிரீமியர் லீகிலிருந்து. இடையில் சென்னையும் வரும்.

சுற்றி வளைக்காமல் சொல்லுங்கள். வைத்திருக்கலாமா, அனுப்பலாமா?

ஏன் தோற்கிறோம் என்று கிளப்புக்கே தெரியவில்லை என்றால் வைத்திருப்பதுதான் மேல். காரணம் தெரிந்து, அந்தக் காரணம் மேனேஜர்தான் என்று உறுதியாகி, அடுத்து யார் என்பதும் முடிவாகியிருந்தால், ஒரு நாள்கூடத் தள்ளிப்போடாமல் அனுப்பிவிடலாம். பெரும்பாலான கிளப்புகள் இந்த மூன்றில் ஒன்றுகூட இல்லாமல், சனிக்கிழமை கேலரியில் எழுந்த சத்தத்தைக் கேட்டு ஞாயிற்றுக்கிழமை அறிக்கை விடுகின்றன. என் குறை அதில்தான்.

ஐந்து ஆட்டம் தோற்றதற்கே இவ்வளவு பதற்றம் எதற்கு?

பணம். பிரீமியர் லீகில் கடைசி இடம் பிடிக்கும் கிளப்புக்குக்கூட ஒளிபரப்பு வருமானத்திலிருந்து ஆண்டுக்கு 100 மில்லியன் பவுண்ட் அளவில் பங்கு வருகிறது. கடைசி மூன்று இடங்களில் முடிந்தால் கீழ்ப் பிரிவான சாம்பியன்ஷிப்புக்கு இறங்க வேண்டும். அங்கே அந்த வருமானம் கிடையாது. இறங்கும் கிளப்புகளுக்குச் சில ஆண்டுகள் உதவித்தொகை உண்டு, ஆனால் வீரர்களின் சம்பளத்துக்கு முன் அது சுருக்காகக் கரைந்துவிடும். 25 வீரர்களை சீசன் நடுவில் மாற்ற முடியாது. மாற்றக்கூடிய ஆள் ஒருவர்தான், அதனால் கை அவரிடம் போகிறது.

மேனேஜரை மாற்றியதும் அணி ஜெயிக்கிறதே? கண்ணால் பார்க்கிறோமே?

பார்ப்பது உண்மைதான். அதற்குக் காரணம் புதிய மேனேஜரா என்பதுதான் சந்தேகம்.

மேனேஜரை எப்போது நீக்குகிறார்கள்? அணி தன் வழக்கமான தரத்தைவிட மோசமாக விளையாடும்போது. அடித்த பந்து கம்பத்தில் படுகிறது, முக்கிய வீரருக்குத் தொடை பிடித்துக்கொள்கிறது, அடுத்தடுத்துப் பெரிய அணிகளோடு ஆட்டம். இதெல்லாம் ஒரே சமயத்தில் சேர்ந்துகொள்ளும் காலம் ரொம்ப நாள் நீடிக்காது. யார் இருந்தாலும் அணி கொஞ்சம் மேலே வரத்தான் போகிறது. காய்ச்சல் தானாக இறங்கும் நாளில் எந்த மாத்திரை சாப்பிட்டோமோ அந்த மாத்திரைக்குப் பெயர் கிடைப்பதில்லையா, அப்படி.

நெதர்லாந்துப் பொருளியலாளர் பாஸ் டெர் வீல் இதைச் சரிபார்க்க ஒரு நல்ல வழி கண்டார். 1986 முதல் 2004 வரை அந்த நாட்டு முதல் பிரிவில் நடந்த மேனேஜர் மாற்றங்களை எடுத்துக்கொண்டு, அதே அளவு சரிந்தும் மேனேஜரை மாற்றாத அணிகளோடு ஒப்பிட்டார். மாற்றிய அணிகள் மீண்டன. மாற்றாத அணிகளும் ஏறக்குறைய அதே போல மீண்டன. இத்தாலியில் நடந்த ஆய்விலும் மாற்றத்தால் குறிப்பிடும்படியான லாபம் எதுவும் தென்படவில்லை.

இவை சராசரிகள் என்பதை மறக்கக் கூடாது. சராசரிக்கு உள்ளே ஒரு கிளப்பைக் காப்பாற்றிய மாற்றமும் இருக்கும், இன்னொன்றைப் புதைத்த மாற்றமும் இருக்கும்.

அப்படி இரண்டும் நடந்த ஒரு கிளப்பைக் காட்ட முடியுமா?

லெஸ்டர் சிட்டி. பத்தாண்டுக்குள் மூன்று முறை இதே கேள்வி அவர்கள் முன் வந்தது, மூன்று முறையும் வேறு வேறு முடிவு.

முதல் முறை, 2014-15. மேனேஜர் நைஜல் பியர்சன். கிறிஸ்துமஸுக்குக் கடைசி இடம். மார்ச்சில் டாட்டன்ஹாமிடம் 4-3 என்று தோற்றபோது, ஒன்பது ஆட்டம் மிச்சம், தப்பிக்க வேண்டிய இடத்துக்கு ஏழு புள்ளி பாக்கி. அனுப்பியிருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். கிளப் அவரை வைத்துக்கொண்டது. கடைசி ஒன்பதில் ஏழை ஜெயித்து 14ஆவது இடத்தில் முடித்தார்கள். அந்த சீசன் முழுக்க அவர்கள் தோற்ற ஆட்டங்களில் நிறைய ஒரு கோல் வித்தியாசத்தில் தோற்றவை. எதிரணி அவர்களை மிதித்துவிட்டுப் போகவில்லை. ஜனவரிச் சந்தை (சீசன் நடுவில் வீரர்களை வாங்கி விற்கும் காலம்) முடியும் நேரத்தில் தடுப்பாட்டத்துக்கு ராபர்ட் ஹூத்தைக் கடனாக வாங்கினார்கள், அதுவும் கைகொடுத்தது. அந்தக் கோடையில் வேறு காரணங்களுக்காக பியர்சன் போனார். வந்தவர் கிளாடியோ ரனியேரி. அடுத்த மே மாதம் லெஸ்டர் இங்கிலாந்து சாம்பியன். மீதிக் கதை எல்லோருக்கும் தெரியும்.

இரண்டாம் முறை, 2017 பிப்ரவரி. சாம்பியன் ஆகி ஒன்பதே மாதம். கீழிறங்கும் இடத்துக்கு ஒரு புள்ளி மேலே. 2017 பிறந்த பின் லீகில் ஆறு ஆட்டம் ஆடி ஒரு கோல்கூட அடிக்கவில்லை. ரனியேரியை நீக்கினார்கள். உலகமே திட்டியது, நன்றி கெட்டவர்கள் என்று எழுதாத பத்திரிகை இல்லை. நான்கு நாள் கழித்து, உதவிப் பயிற்சியாளர் கிரெய்க் ஷேக்ஸ்பியர் லிவர்பூலுக்கு எதிராக இறக்கிய பதினொருவரில் பத்து பேர் சாம்பியன் அணியின் ஆட்கள். செல்சிக்குப் போய்விட்ட கான்டேயின் இடத்தில் மட்டும் என்டிடி. ஆட்ட முறையும் பழையபடி: இறுக்கமாக நின்று, பந்தைப் பறித்ததும் முன்கள வீரர் வார்டியின் வேகத்துக்கு நீளமாக அனுப்புவது. 3-1 வெற்றி, வார்டிக்கு இரண்டு கோல். லீகில் தொடர்ந்து ஐந்து வெற்றி, ஐரோப்பாவின் முதன்மை கிளப் போட்டியான சாம்பியன்ஸ் லீகில் காலிறுதி, கடைசியில் 12ஆவது இடம். இந்த ஏற்றத்தில் எவ்வளவு ஷேக்ஸ்பியரால், எவ்வளவு தானாக நடந்தது என்று பிரித்துச் சொல்ல முடியாது. ஆனால் என்ன மாற வேண்டும் என்பதில் அவருக்குக் குழப்பம் இல்லை. (அதே ஷேக்ஸ்பியரை அக்டோபரில் நீக்கிவிட்டார்கள். நிரந்தர ஒப்பந்தம் கிடைத்து நான்கு மாதம்தான் ஆகியிருந்தது.)

மூன்றாம் முறை, 2023. பிரெண்டன் ராட்ஜர்ஸ். 2021இல் எஃப்ஏ கோப்பை (இங்கிலாந்தில் பல பிரிவுக் கிளப்புகளும் மோதும் நாக்-அவுட் போட்டி) வாங்கித் தந்தவர். ஏப்ரல் 2ஆம் தேதி, பத்து ஆட்டம் மிச்சமிருக்கையில் நீக்கினார்கள். அடுத்தவர் யார் என்று முடிவாகவில்லை. உதவியாளர்களை வைத்து ஆடிய இரண்டு ஆட்டமும் தோல்வி. அப்புறம் வந்த டீன் ஸ்மித்துக்கு எட்டு ஆட்டம். 34 புள்ளியோடு இறங்கினார்கள். எவர்டன் 36 புள்ளியோடு தப்பியது. சரிவின் வேர் ராட்ஜர்ஸிடம் மட்டும் இல்லை. முந்தைய கோடையில் கையில் பணமில்லை, கோல்கீப்பர் ஷ்மைக்கேலும் தடுப்பாட்டக்காரர் ஃபோஃபானாவும் போய்விட்டார்கள், டீலமன்ஸின் ஒப்பந்தம் முடிகிற நிலை. மேனேஜரை மாற்றினால் இதில் எது சரியாகும்?

அப்படியானால் ராட்ஜர்ஸை வைத்திருந்தால் தப்பியிருப்பார்களா?

தெரியாது, யாராலும் சொல்ல முடியாது. 2023 மே 1, லெஸ்டருக்கும் எவர்டனுக்கும் ஆட்டம். இடைவேளைக்குச் சற்று முன் லெஸ்டர் 2-1 என்று முன்னிலை, கையில் ஒரு பெனால்டி. ஜேம்ஸ் மேடிசன் நடுவில் அடித்தார். எவர்டன் கீப்பர் பிக்ஃபோர்ட் எந்தப் பக்கமும் பாயாமல் நின்ற இடத்திலேயே நின்று தடுத்துவிட்டார். ஆட்டம் 2-2. அந்தப் பந்து உள்ளே போய், லெஸ்டர் அந்த ஆட்டத்தை ஜெயித்து, மற்றதெல்லாம் அப்படியே நடந்திருந்தால் இறுதிக் கணக்கு லெஸ்டர் 36, எவர்டன் 35. டீன் ஸ்மித்தை அழைத்தது கெட்டிக்காரத்தனம் என்று இன்று பேசிக்கொண்டிருப்போம்.

முடிவு நல்லதா கெட்டதா என்பதை விளைவை வைத்து மட்டும் அளக்கக் கூடாது என்று நான் பிடிவாதமாகச் சொல்வதற்கு இந்த ஒரு பெனால்டி போதும்.

ஃபெர்குசனுக்கு நேரம் கொடுத்ததால்தானே மான்செஸ்டர் யுனைடெட் யுனைடெட் ஆனது?

எல்லா விவாதமும் கடைசியில் இங்கே வந்து நிற்கும். கதை உண்மை. அதிலிருந்து எடுக்கும் பாடம்தான் பெரும்பாலும் தப்பு.

அலெக்ஸ் ஃபெர்குசன் 1986 நவம்பரில் வந்தார். லீகில் முதல் சீசனில் 11ஆவது, பிறகு 2, பிறகு 11, பிறகு 13. 1989 கோடையில் பாலிஸ்டர், இன்ஸ், வெப், ஃபீலன், வாலஸ் என்று அந்தக் காலக் கணக்கில் பெரும் பணத்தைக் கொட்டினார்கள். செப்டம்பரில் மான்செஸ்டர் சிட்டியிடம் 5-1 தோல்வி. டிசம்பர் முழுக்க லீகில் ஒரு வெற்றிகூட இல்லை. மூன்று வருடச் சாக்குப்போக்கு போதும், போய் வாருங்கள் என்ற பொருளில் ஒரு ரசிகர் ஓல்டு டிராஃபோர்டில் பேனர் பிடித்தார்.

1990 ஜனவரி 7, எஃப்ஏ கோப்பை மூன்றாம் சுற்று, எதிரணி பிரையன் கிளஃபின் நாட்டிங்ஹாம் ஃபாரஸ்ட், அவர்கள் மைதானத்திலேயே. யுனைடெட் அணியில் பாதிப் பேர் காயத்தில். இரண்டாம் பாதியில் மார்க் ஹ்யூஸ் பாதத்தின் வெளிப்புறத்தால் வளைத்து அனுப்பிய பந்தை இளைஞர் மார்க் ராபின்ஸ் தலையால் உள்ளே தள்ளினார். 1-0. மே மாதம் கிறிஸ்டல் பேலஸோடு இறுதி ஆட்டம் 3-3. மறு ஆட்டத்தில் லீ மார்ட்டின் அடித்த ஒரே கோலில் கோப்பை. 1993இல் 26 வருடத்துக்குப் பிறகு லீக் பட்டம். 2013இல் ஓய்வு பெறும்போது 13 லீக் பட்டங்கள்.

ராபின்ஸின் கோல் ஃபெர்குசனின் வேலையைக் காப்பாற்றியது என்பது மேசைப் பேச்சு. அன்று தோற்றிருந்தாலும் நீக்கியிருக்க மாட்டோம் என்றுதான் அப்போதைய தலைவர் மார்ட்டின் எட்வர்ட்ஸ் பிற்பாடு பலமுறை சொன்னார். நான் அவரை நம்புகிறேன். ரசிகர்கள் கண்ணில் படாத வேலைகள் அந்தக் கிளப்புக்குள் நடந்துகொண்டிருந்தன. திறமை தேடும் ஆட்களைக் கூட்டினார், இளைஞர் அணிகளைப் புதிதாகக் கட்டினார், குடிப்பழக்கத்தைக் கட்டுக்குள் கொண்டுவந்தார். ரயன் கிக்ஸை 14 வயதிலேயே சிட்டியின் கண்ணெதிரில் தூக்கி வந்தார். அவரை வைத்திருக்க எட்வர்ட்ஸிடம் காரணம் இருந்தது.

இன்னொன்று: நேரம் கொடுத்து ஜெயித்த ஃபெர்குசனை நினைவு வைத்திருக்கிறோம். நேரம் கொடுத்து மூழ்கிய கிளப்புகளை யார் நினைவு வைத்திருக்கிறார்கள்? 2016-17இல் சண்டர்லாந்து தன் மேனேஜரை சீசன் முடியும் வரை வைத்திருந்தது. 24 புள்ளி, கடைசி இடம். அடுத்த ஆண்டு அதற்கும் கீழே, மூன்றாம் பிரிவுக்கு. அந்த மேனேஜர் டேவிட் மோய்ஸ்.

மோய்ஸ் நல்ல மேனேஜரா, கெட்ட மேனேஜரா?

இந்த விவாதத்துக்கே ஒரு ஆளை மாதிரியாகக் காட்டச் சொன்னால் இவரைத்தான் காட்டுவேன். ஃபெர்குசனுக்குப் பின் ஆறு வருட ஒப்பந்தத்தோடு யுனைடெட்டுக்கு வந்து பத்து மாதத்தில் வேலை போயிற்று. சண்டர்லாந்து வைத்துக்கொண்டது, மூழ்கியது. வெஸ்ட் ஹாம் 2022-23இல் கீழே கிடந்து திணறியபோது வாரம் ஒரு முறை அவர் நீக்கப்படுவார் என்ற பேச்சு, கிளப் அசையவில்லை. லீகில் 14ஆவது. ஜூன் மாதம் பிராக் நகரில் ஃபியோரென்டினாவுக்கு எதிராக 90ஆவது நிமிடத்தில் ஜாரட் போவன் கோல் அடிக்க, ஐரோப்பாவின் மூன்றாம் நிலைப் போட்டியான கான்ஃபரன்ஸ் லீக் கோப்பை, 1980க்குப் பிறகு அந்தக் கிளப்பின் முதல் பெரிய கோப்பை. 2025 ஜனவரியில் எவர்டன் ஷான் டைச்சை அனுப்பிவிட்டு மோய்ஸைத் திரும்ப அழைத்தது. கீழிறங்கும் இடத்துக்கு ஒரு புள்ளி மேலே இருந்த அணி 13ஆவதாக முடித்தது.

ஒரே மனிதர்தான். அவரை நீக்கியும் பார்த்தார்கள், வைத்திருந்தும் பார்த்தார்கள், நடுவில் அழைத்தும் பார்த்தார்கள். மாறியதெல்லாம் அவரைச் சுற்றியிருந்த கிளப்.

ஸ்கோரை நம்பக் கூடாது என்றால் வேறு எதைப் பார்ப்பது?

எத்தனை நல்ல வாய்ப்புகளை உருவாக்கினார்கள், எத்தனையை எதிரணிக்குக் கொடுத்தார்கள் என்பதை. எக்ஸ்ஜி என்று இப்போது எல்லா ஆட்டத்திலும் திரையில் காட்டும் எண் இதைத்தான் அளக்கிறது: அந்த இடத்திலிருந்து, அந்தக் கோணத்தில் அடித்தால் எவ்வளவு வாய்ப்பு கோலாகும் என்ற கணக்கு. பத்து ஆட்டத்துக்கு இதைக் கூட்டிப் பார்த்தால், அணி மோசமாக ஆடித் தோற்கிறதா, சரியாக ஆடியும் தோற்கிறதா என்று ஓரளவு தெரிந்துவிடும்.

பிரென்ட்ஃபோர்ட் கிளப் இதற்கு நல்ல சாட்சி. 2018 அக்டோபரில் டீன் ஸ்மித் (மேலே லெஸ்டரில் பார்த்த அதே ஸ்மித்) ஆஸ்டன் வில்லா கிளப்புக்குப் போக, உதவியாளராக இருந்த தாமஸ் ஃபிராங்க் பொறுப்பேற்றார். முதல் பத்து ஆட்டத்தில் எட்டு தோல்வி. வேறு எந்தக் கிளப்பாக இருந்தாலும் கதை அங்கே முடிந்திருக்கும். உரிமையாளர் மேத்யூ பென்ஹாம் பந்தயக் கணக்குகளில் ஊறியவர். புள்ளிப் பட்டியலைவிடத் தன் எண்களை நம்பும் ஆள். ஃபிராங்க் தங்கினார். 2021இல் பிரென்ட்ஃபோர்ட் பிரீமியர் லீகுக்கு ஏறியது. 2025இல் அவராகக் கிளம்பும் வரை அங்கேயே இருந்தது.

எண்களில் வராத விஷயங்களும் உண்டு. பந்தை இழந்ததும் திரும்பி ஓடுகிறார்களா? ஒரு கோல் வாங்கியதும் தலை தொங்குகிறதா? 80ஆவது நிமிடத்தில் இன்னும் கத்திக்கொண்டிருக்கிறார்களா? இதற்கு டிவி போதாது, கேமரா பந்தைத்தான் பின்தொடரும். மைதானத்தில் இருப்பவர்களுக்கு இது சட்டென்று தெரிந்துவிடும்.

வீரர்களே மேனேஜர் பேச்சைக் கேட்காத நிலை வந்துவிட்டால்?

அனுப்ப வேண்டியதுதான். யார் பக்கம் நியாயம் என்பதெல்லாம் அப்புறம். ஆனால் டிரஸ்ஸிங் ரூம் கைவிட்டுவிட்டது என்று செய்தி வந்தாலே நம்பிவிடாதீர்கள். அணியில் இடம் கிடைக்காத இரண்டு பேர், அவர்களுடைய ஏஜென்ட்கள், ஒரு நிருபர்: செய்தி தயாராக இவ்வளவு போதும்.

அர்டேட்டாவை வைத்துக்கொண்ட ஆர்சனல் செய்தது பொறுமையா, அதிர்ஷ்டமா?

திட்டம் என்பேன். 2019 டிசம்பரில் வந்தார், எட்டு மாதத்தில் எஃப்ஏ கோப்பை. அடுத்த கிறிஸ்துமஸுக்கு 15ஆவது இடம், லீகில் தொடர்ந்து ஏழு ஆட்டம் வெற்றி இல்லை. செல்சியை 3-1 என்று ஜெயித்து மூச்சு விட்டார்கள். இரண்டு சீசன் அடுத்தடுத்து எட்டாவது. 2021 ஆகஸ்டில் இன்னும் மோசம்: பிரென்ட்ஃபோர்டிடம் 2-0, செல்சியிடம் 2-0, சிட்டியிடம் 5-0. மூன்று ஆட்டம், ஒரு கோல் இல்லை, பட்டியலில் கடைசி.

ஆனால் அந்தக் கோடையில் வாங்கிய ஆட்கள் எல்லாரும் இளைஞர்கள்: ராம்ஸ்டேல், வைட், ஓடகார்ட், டோமியாசு. அதிகச் சம்பளம் வாங்கிய பழைய பெரிய பெயர்கள் ஒவ்வொருவராக வெளியே. அந்தத் தோல்விகளில் சிலவற்றுக்குக் காயமும் கொரோனாவும் காரணம் என்று கிளப்புக்குத் தெரியும். அந்த சீசன் ஐந்தாவது, அதன்பின் மூன்று சீசன் தொடர்ந்து இரண்டாவது. கிளப்பும் மேனேஜரும் ஒரே பக்கம் இழுத்தார்கள், அதனால் பொறுக்க முடிந்தது.

மாற்றத்தான் வேண்டும் என்றால் எப்போது?

2022-23 சீசனை எடுத்துக்கொள்ளுங்கள். ஆஸ்டன் வில்லா அக்டோபரில் ஸ்டீவன் ஜெரார்டை அனுப்பியது, ஸ்பெயினிலிருந்து உனாய் எமரியைக் காசு கொடுத்துக் கொண்டுவந்தது. 17ஆவது இடத்தில் கிடந்த அணி ஏழாவதாக முடித்தது. வுல்வ்ஸும் அக்டோபரிலேயே தன் மேனேஜரை அனுப்பியது. கிறிஸ்துமஸுக்குக் கடைசி, முடிவில் 13. எவர்டன் ஜனவரியில் லம்பார்டை அனுப்பி டைச்சைக் கொண்டுவந்தது; கடைசி நாளில் டுகூரே கோலில் மயிரிழையில் தப்பியது.

லீட்ஸ் பிப்ரவரியில் ஒருவரை நீக்கியது, மே மாதம் அடுத்தவரையும் நீக்கி, கடைசி நான்கு ஆட்டத்துக்கு சாம் அலர்டைஸை அழைத்தது. அந்த நான்கில் ஒரே ஒரு புள்ளி. சவுத்தாம்ப்டன் மூன்று பேரைப் பார்த்துவிட்டுக் கடைசி இடத்தில் இறங்கியது. லெஸ்டர் கதையை மேலேயே சொல்லிவிட்டேன். அந்த ஆண்டு இறங்கிய மூன்று கிளப்புமே நடுவில் மேனேஜரை மாற்றியவை.

அதே சீசனில் நாட்டிங்ஹாம் ஃபாரஸ்ட் என்ன செய்தது? லெஸ்டரிடம் 4-0 தோற்றுக் கடைசி இடத்தில் இருந்தபோது ஸ்டீவ் கூப்பருக்குப் புதிய ஒப்பந்தம் கொடுத்தது! அந்தக் கோடையில் மட்டும் 20க்கும் மேற்பட்ட புதிய வீரர்கள். ஒருவர் பெயர் ஒருவருக்குத் தெரியவே மாதமாகும் என்று உள்ளே புரிந்திருக்கிறது. 16ஆவதாக முடித்துத் தப்பினார்கள்.

ஆக, ஜனவரிச் சந்தை திறப்பதற்கு முன் மாற்றினால் புதியவருக்கு ஆட்களை வாங்கவும் பழக்கவும் வாய்ப்பு உண்டு. ஏப்ரல், மே மாத நீக்கம் பெரும்பாலும் நிர்வாகம் தன் முகத்தைக் காப்பாற்றிக்கொள்ளச் செய்வது.

வருடம் இரண்டு பேரை மாற்றியும் செல்சி கோப்பை வாங்கியதே?

வாங்கியது. 2012 மார்ச்சில் வில்லாஸ்-போவாஸை அனுப்பி, மே மாதம் டி மட்டேயோவோடு சாம்பியன்ஸ் லீக். 2021 ஜனவரியில் லம்பார்டை அனுப்பி, மே மாதம் டூகலோடு மறுபடியும் சாம்பியன்ஸ் லீக். அப்போதைய முதலாளியின் பணப்பை அப்படி, அணியின் தரம் அப்படி. தட்டுத்தடுமாறினாலும் அவர்கள் கீழ்ப் பிரிவுக்கு இறங்கப் போவதில்லை.

வாட்ஃபோர்டும் இதே வழியில்தான் போனது. 2014-15இல் ஒரே சீசனில் நான்கு மேனேஜர்கள், அப்படியும் பிரீமியர் லீகுக்கு ஏறினார்கள். சரி, இதுதான் வெற்றிக்கு வழி என்று நினைத்துவிட்டார்கள் போல. 2019-20இல் கிராசியா, ஃப்ளோரெஸ், பியர்சன் என்று மூன்று பேர். பியர்சனை நீக்கியபோது மிச்சம் இரண்டே ஆட்டம், அணி கீழிறங்கும் இடத்தில்கூட இல்லை. இரண்டிலும் தோற்று இறங்கினார்கள்.

ஒரு மேனேஜரை அனுப்ப எவ்வளவு ஆகும்?

2024 மே மாதம் எஃப்ஏ கோப்பை வென்றார் என்பதால் யுனைடெட் எரிக் டென் ஹாக்கின் ஒப்பந்தத்தை 2026 வரை நீட்டியது. அக்டோபரில் நீக்கியது. அவருக்கும் அவருடைய உதவியாளர்களுக்கும் 10.4 மில்லியன் பவுண்ட் என்று கிளப்பின் கணக்கறிக்கையே சொல்கிறது. அடுத்து ரூபன் அமோரிமை அழைத்துவர ஸ்போர்ட்டிங் கிளப்புக்குத் தனியாகப் பணம்.

அறிக்கையில் வராத செலவு இதைவிடப் பெரியது. அந்தக் கோடையில் வாங்கிய வீரர்களில் டி லிக்டும் மஸ்ராவியும் டென் ஹாக்கின் பழைய அயாக்ஸ் ஆட்கள். வந்தவரோ மூன்று தடுப்பாட்டக்காரர்களோடு ஆடும் முறையைக் கைவிடாதவர். ஒருவருக்கென்று வாங்கிய ஆட்களை இன்னொருவர் முறைக்குள் திணித்தார்கள். அந்த சீசன் 15ஆவது இடம்.

கீழ்ப் பிரிவுக்கே இறங்கிவிட்டால் அப்போதும் வைத்திருப்பதா?

சிறிய கிளப்புகளுக்கு அதுதான் பல சமயம் புத்திசாலித்தனம். பர்ன்லி 2015இல் இறங்கியது, டைச்சை விடவில்லை, மறு ஆண்டே சாம்பியன்ஷிப்பை வென்று ஏறியது, 2018இல் ஏழாவதாக முடித்தது. ஜெர்மனியின் ஃப்ரைபுர்கும் 2015இல் கடைசி நாளில் இறங்கியது. கிறிஸ்டியான் ஸ்ட்ரைஷை நீக்குவதைப் பற்றி அங்கே யாரும் பேசக்கூட இல்லை. அடுத்த ஆண்டே திரும்பி வந்தார்கள். 2022இல் ஜெர்மன் கோப்பை இறுதி ஆட்டம் ஆடினார்கள். ஸ்ட்ரைஷ் 2024 வரை இருந்தார், தானே போதும் என்று சொல்லிக் கிளம்பினார்.

பர்ன்லி அந்தப் பாதையைக் கடைசியில் விட்டது. 2022 ஏப்ரலில், எட்டு ஆட்டம் மிச்சமிருக்கையில் டைச்சை நீக்கினார்கள். தற்காலிகமாக வந்த மைக் ஜாக்சன் முதல் நான்கு ஆட்டத்தில் பத்துப் புள்ளி எடுத்தார். ஆகா, சரியான முடிவு என்றார்கள். மீதி நான்கில் ஒரே புள்ளி, கடைசி நாளில் இறங்கினார்கள். நாரிச் கிளப் டேனியல் ஃபார்க்கேவை நீக்கிய நேரம் இதைவிட வேடிக்கை: பிரென்ட்ஃபோர்ட் மைதானத்தில் அந்த சீசனின் முதல் வெற்றி, சில மணி நேரத்தில் வேலை நீக்கம். தோற்றிருந்தால் எப்படி அனுப்பியிருப்பார்களோ!

நம் ஊர் சென்னையின் எஃப்சி கிளப்புக்கு இது பொருந்துமா?

பொருந்தும், ஒரு வித்தியாசத்தோடு. அந்தக் காலத்து ஐஎஸ்எல்லில் (இந்தியன் சூப்பர் லீக்) கீழே இறங்கும் பயமே கிடையாது, அதனால் பொறுத்துப் பார்ப்பதில் பெரிய ஆபத்து இல்லை.

ஜான் கிரிகோரி 2018 மார்ச்சில் பெங்களூரு எஃப்சியை அவர்கள் ஊரிலேயே 3-2 என்று ஜெயித்து சென்னையினுக்குக் கோப்பை வாங்கித் தந்தார். அடுத்த சீசன் பத்து அணிகளில் பத்தாவது, 18 ஆட்டத்தில் இரண்டே வெற்றி. கிளப் அவரை வைத்துக்கொண்டது. 2019-20 ஆரம்பத்தில் முதல் நான்கு ஆட்டத்தில் ஒரு கோல்கூட இல்லை. ஆறு ஆட்டத்தில் ஒரே வெற்றி, அதுவும் ஹைதராபாதுக்கு எதிராகக் கடைசி நிமிடங்களில் வந்தது. கிரிகோரி விலகினார், டிசம்பரில் ஓவன் காயில் வந்தார்.

பிறகு நடந்தது சென்னை ரசிகர்கள் மறக்காதது. வால்ஸ்கிஸ் அந்த சீசனில் 15 கோல் அடித்தார். கிரிவெல்லாரோ பந்தைத் தொட்டாலே ஏதோ நடக்கும் என்ற எதிர்பார்ப்பு. நான்காவது இடம், அரையிறுதியில் கோவாவை நேரு ஸ்டேடியத்தில் 4-1, மொத்தக் கணக்கில் 6-5. கொரோனாவால் காலியாகக் கிடந்த ஃபடோர்டா மைதானத்தில் இறுதி ஆட்டம், ஏடிகேயிடம் 3-1 தோல்வி. வால்ஸ்கிஸும் கிரிவெல்லாரோவும் கிரிகோரி காலத்தில் வந்து சேர்ந்தவர்கள் என்பதையும் சொல்லிவிட வேண்டும். காயில் அவர்களை இன்னும் வேகமாக, இன்னும் முன்னால் ஆடவிட்டார். அணி சரியில்லை என்பதா, அணியை ஆட வைக்கும் விதம் சரியில்லை என்பதா என்ற கேள்விக்கு இவ்வளவு தெளிவான பதில் ஐரோப்பாவில்கூட அபூர்வம். என்னைக் கேட்டால், அந்த மாற்றம் ஒரு சீசன் முன்னாலேயே வந்திருக்கலாம்.

கோப்பை வாங்கித் தந்தவரையும் அனுப்பலாமா? போஸ்டகோக்லூவுக்கு டாட்டன்ஹாம் செய்தது நியாயமா?

2024-25இல் டாட்டன்ஹாம் லீகில் 17ஆவது. 38 ஆட்டத்தில் 22 தோல்வி. மே 21ஆம் தேதி பில்பாவோவில் யுனைடெட்டை 1-0 என்று ஜெயித்து ஐரோப்பாவின் இரண்டாம் நிலைப் போட்டியான யூரோப்பா லீக் கோப்பை, 17 ஆண்டில் அவர்களுடைய முதல் கோப்பை, கூடவே சாம்பியன்ஸ் லீகில் இடம். இரண்டாவது சீசனில் எப்போதும் ஏதாவது ஜெயிப்பேன் என்று ஆஞ்ச் போஸ்டகோக்லூ செப்டம்பரிலேயே சொல்லியிருந்தார், கேலி செய்தார்கள், ஜெயித்துக் காட்டினார். ஜூன் 6ஆம் தேதி நீக்கப்பட்டார்.

மனசு ஒப்பவில்லை. ஆனாலும் அந்த முடிவு சரி என்றே சொல்வேன். காயங்கள் நிறைய இருந்தது உண்மை. வசந்தத்துக்குப் பின் யூரோப்பாவுக்காக லீகைக் கைகழுவியதும் உண்மை. அதையெல்லாம் கழித்த பின்னும், பின்வரிசையைத் திறந்துபோட்டு ஆடும் அந்த முறையை எதிரணிகள் ஒரு வருடத்துக்கு முன்பே படித்து முடித்திருந்தன. கோப்பை வாங்கிய இறுதி ஆட்டத்திலேயே அவர் தன் முறையை விட்டுவிட்டு, கோல் அடித்ததும் மொத்த அணியையும் பின்னால் இழுத்துக் கட்டிக் காத்தார். தன் முறை பெரிய ஆட்டத்துக்குத் தாங்காது என்று அவருக்கே தெரிந்திருந்தது.